தோசையில் ஏது கோதுமை?



எங்கள் உணவு ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன மருந்து கொடுப்பீர்கள்?" என்பதுதான். சீலியாக் என்னும் குடல் நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு நாங்கள் சொல்லும் பதில் அவர்களுக்கு வியப்பாக இருக்கும். "மருந்து எதுவும் இல்லை. கோதுமையை அடியோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளை தேறிவிடுவாள்." வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது தென்னாட்டில் அவ்வளவு கடினமல்ல. வீட்டுக்கு வெளியே ஒரு வேளை சாப்பிட உட்காரும்போதுதான் சோதனை தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ராணுவத்தில் பணிபுரியும் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். குடும்பம் பல ஆண்டுகள் பஞ்சாபில் இருந்தது. பிள்ளை சப்பாத்தி சாப்பிட்டே வளர்ந்தவள். வயது ஒன்பது. பார்த்தால் ஆறு வயதுக் குழந்தை போல இருந்தாள். வெளிறிய முகம், உப்பிய வயிறு, குச்சி போன்ற கைகால்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை கொடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. பரிசோதனையில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமையை நிறுத்தினார்கள். சில மாதங்களில் பிள்ளைக்கு நன்றாகப் பசி எடுத்தது. எடை கூடியது. பள்ளிக்கூடத்தில் ஓடியாடி விளையாடத் தொடங்கினாள்.

சொந்த ஊருக்கு மாறி வந்த பிறகு மறுபடியும் வயிற்றுவலி வந்தது. தகப்பனார் மனம் உடைந்துபோய் வந்து நின்றார். "ஒரு துண்டு சப்பாத்திகூடக் கொடுக்கலையே, அம்மா!" என்றார். ஒரு மாதத்திற்குப் பிள்ளை சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரும்படி சொன்னோம். எழுதி வந்தார். வாரத்தில் மூன்று நாள் மாலையில், கடைத்தெரு ஓட்டலில், நெய் ரோஸ்ட் ஒன்று, சாம்பார், பொடி. மற்றதெல்லாம் வீட்டுச் சோறுதான்.

"தோசையில் ஏது கோதுமை?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

இது என்ன வியாதி?

பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மைதா உருண்டை துணியைப் போல விரிகிறது, ஆனாலும் கிழிவதில்லை. அப்படி இழுபட வைப்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதைப் போன்ற புரதம் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு இது தீங்கு செய்வதில்லை.

சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலோ இந்தப் புரதத்தைப் பகையாக எண்ணிப் போரிடுகிறது. அந்தப் போரில் அடிபடுவது அவர்களுடைய சொந்தச் சிறுகுடல்தான். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. நாம் உண்பதிலுள்ள சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை இவையே. இவை தேய்ந்து மழுங்கிப் போனால், எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் சத்து உடம்பில் சேராது. பிள்ளைகள் வளர்வதில்லை. பெரியவர்களுக்கு இரத்தசோகை, எலும்புத் தேய்வு, தீராத களைப்பு உண்டாகும். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இராது. ஆகவே பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலும் போகும்.

இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1887-இல் இந்நோயைப் பற்றி விரிவுரை ஆற்றினார். குணம் கிடைக்குமானால் அது உணவு முறையால்தான் கிடைக்கும் என்று அவர் கருதினார். எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமைதான் காரணம் என்று இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமற் போனது. ஊரெல்லாம் பசியால் வாடியபோது, இந்நோய் உள்ள பிள்ளைகள் தேறினார்கள்! டிக்கே தம் ஆய்வை 1950-இல் வெளியிட்டார். இன்றுவரை இந்நோய்க்கு உள்ள ஒரே சிகிச்சை அவர் காட்டிய வழிதான்.

வடக்கே ஏன் அதிகம்?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நோயின் அடையாளமான எதிர்ப்பொருள், வடக்கே 100 பேரில் 1.23 பேரின் இரத்தத்தில் காணப்பட்டது. தெற்கே 100 பேரில் 0.10 பேரிடம் மட்டுமே இருந்தது. ஆனால் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே உண்டதோ 25 கிராம்.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. இந்நோய் நம் மக்களுக்கு வராத நோய் அல்ல. நம் பாட்டிமார் கோதுமையை அதிகம் உண்ணவில்லை, அவ்வளவுதான். இன்றோ காலையில் பிரெட், மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி அல்லது பரோட்டா என்று வழக்கம் மாறிவிட்டது. பஞ்சாபில் வளர்ந்த அந்தச் சிறுமிக்கு நேர்ந்தது இங்கே வளரும் பிள்ளைக்கும் நேரலாம்.

தோசைக்குள் வந்த கோதுமை

தகப்பனார் அந்த ஓட்டலுக்கு மறுபடி போனார். இந்த முறை சாப்பிட அல்ல, கேட்பதற்கு. கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடம் பிள்ளையின் நிலையை எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி கோபப்படவில்லை. சமையற்கட்டுக்கே அழைத்துப் போனார். அங்கே மூன்று காரியங்கள் தெரியவந்தன.

முதலாவது, ரோஸ்ட் மொறுமொறுவென்று வரவேண்டும் என்று தோசை மாஸ்டர் மாவில் ஒரு கை ரவை கலப்பது வழக்கம். ரவை என்பது கோதுமைதான். இது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. "கோதுமை ஆகாது" என்று சொன்னால் சப்பாத்தியை மட்டும் நிறுத்துவார்கள். மைதா, ரவை, சேமியா மூன்றும் அதே தானியத்திலிருந்து வந்தவை. உப்புமா, கேசரி, ரவா இட்லி, சேமியா பாயசம், சமோசா எல்லாம் விலக்க வேண்டியவை. திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டியதே!

இரண்டாவது, தோசைக்கல். ரவா தோசையும், சப்பாத்தியும், சாதாத் தோசையும் ஒரே கல்லில்தான் வேகின்றன. முந்தைய சப்பாத்தியின் மாவு கல்லில் ஒட்டியிருக்கும். துடைப்பம் ஒரு இழுப்பு இழுத்தால் அது முழுவதும் போய்விடாது. சூட்டில் கருகினால் தீங்கு போய்விடும் என்று எண்ணக்கூடாது. குளூட்டன் கிருமி அல்ல, சமையல் சூட்டில் சாவதற்கு.

மூன்றாவது, பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் தனிப் பிசின் அல்ல. அதில் மாவு சேர்த்திருப்பார்கள். பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு கரண்டி சாம்பாரில் சேரும் அளவு மிகச் சிறிதுதான். ஆனால் சாம்பார், ரசம், மோர், இட்லிப் பொடி, வெண்பொங்கல் என்று எல்லாவற்றிலும் அது விழுகிறது. சிறு அளவுகள் கூடிக்கொண்டே போகின்றன.

எவ்வளவு சிறிது தீங்கு செய்யும் என்று கேட்பீர்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நாள்தோறும் 50 மில்லிகிராம் மூன்று மாதங்கள் உட்கொண்டவர்களின் குடலுறிஞ்சிகள் பழுதாகின. அது அந்த ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்குதான். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று அன்போடு ஊட்டும் கைகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

வேறு சில மறைவிடங்கள்

எண்ணெய்ச் சட்டியைச் சொல்ல வேண்டும். உளுந்து வடையில் கோதுமை இல்லை. ஆனால் சமோசாவும் மைதா போண்டாவும் பொரிந்த அதே எண்ணெயில் அது பொரிந்தால் பாதுகாப்பு போய்விடுகிறது. அப்பளத்துக்கும் இதே கதைதான்.

அசைவ ஓட்டலில் பரோட்டாக் கல்லே பெரிய இடைஞ்சல். முட்டை ஆம்லெட் அந்தக் கல்லில்தான் ஊற்றப்படும். கொத்துப் பரோட்டா போடும்போது துணுக்குகள் நாலாபுறமும் தெறிக்கும். பொரித்த கோழிக்கு மைதா பிசறியிருக்கலாம். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத் தயாரிப்பது. ஆகவே ஃபிரைடு ரைஸ் அரிசிதானே என்று நம்பிவிட முடியாது. காலிஃபிளவர் மஞ்சூரியன், கெட்டியான சூப், சில குருமாக்கள் ஆகியவற்றில் மாவு கரைத்து ஊற்றியிருப்பார்கள். சோளமாவு என்றால் பாதகமில்லை, மைதா என்றால் ஆகாது. கேட்டால்தான் தெரியும். பால் வாங்கிக் கொடுக்கும்போது மால்ட் கலந்த சத்துமாவைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி.

பின் எதைத்தான் சாப்பிடுவது?

அந்தத் தகப்பனாரும் இப்படித்தான் கேட்டார். ஆனால் இந்நோய் உள்ளவர்களுக்கு நம் நாட்டுச் சமையலைப் போல உதவும் சமையல் குறைவு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், எல்லாப் பருப்புகளும், காய்கறி, கனி, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ரொட்டியையே நம்பி வாழும் நாடுகளில் இந்நோயாளிகள் விசேஷமான மாவுகளை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமக்குப் பானையில் சோறு இருக்கிறது.

ஓட்டலில் முதல் இடம் இட்லிக்கு. அது கல்லைத் தொடுவதில்லை, எண்ணெயைத் தொடுவதில்லை. மாவில் ரவை கலக்கவில்லை என்றும், ரவா இட்லி அதே தட்டில் வேகவில்லை என்றும் கேட்டுக்கொண்டால் போதும். பெருங்காயம் இல்லாமல் தாளித்த தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளலாம். மதியத்தில் வெறும் சோறு, தயிர், பெருங்காயம் போடாத பொரியல், அவித்த முட்டை, வாழைப்பழம். இடியாப்பத்திலும் ஆப்பத்திலும் மைதா கலக்கும் கடைகள் உண்டு, கலக்காத கடைகளும் உண்டு. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வடிகட்டிய காப்பியும் தேநீரும் குடிக்கலாம். வாழை இலையில் பரிமாறும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. முந்தையவர் சாப்பிட்ட தட்டின் மிச்சம் இலையில் இராது.

எப்படிக் கேட்பது?

"குளூட்டன்" என்று சப்ளையரிடம் சொல்லிப் பயனில்லை. "தம்பி, பிள்ளைக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா நாலும் துளிகூட ஆகாது. சாப்பிட்டால் குடல் புண்ணாகிவிடும். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொன்னால் புரியும். "இது கோதுமை இல்லாததா?" என்று மட்டும் கேட்டால், "ஆமாம் சார்" என்று பதில் வந்துவிடும். "இதில் என்னென்ன போடுகிறீர்கள்?" என்று கேட்பதே நல்லது.

கூட்ட நேரத்தில் போகக்கூடாது. மதியம் ஒரு மணிக்கு எந்த மாஸ்டரும் நின்று பதில் சொல்ல மாட்டார். முற்பகல் பதினொரு மணிக்கோ, மாலையில் கூட்டம் சேருவதற்கு முன்னோ போனால் நேரம் கிடைக்கும். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது நலம். முகம் பழகிவிட்டால் அக்கறையும் கூடும். பயணத்தில் ஒரு டப்பாவில் பெருங்காயம் சேர்க்காத பருப்புப் பொடியும் சிறிது நல்லெண்ணெயும் எடுத்துச் சென்றால், எந்த ஊரிலும் வெறும் சோற்றை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டுவிடலாம். பாக்கெட் உணவு வாங்கும்போது பின்புறத்தைப் படிக்க வேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோவில் அது 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

நன்றாகக் கேட்டும் சில வேளை தவறிவிடும். சிலருக்குச் சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. வலி இல்லை என்பதால் தீங்கு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு முறை தவறிவிட்டதே என்று அஞ்சவும் வேண்டாம். அடுத்த வேளையிலிருந்து ஒழுங்குக்குத் திரும்பினால் குடல் மறுபடி ஆறும். வாந்தியும் போக்கும் மிகுந்து பிள்ளை சோர்ந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, "என் வயிற்றுக் கோளாறும் இதுதான்" என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனையும், தேவையானால் குழாய் வழியாகக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்ய வேண்டும். முன்னதாகவே கோதுமையை நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமற் போகலாம்.

சபை விருந்திலும் திருவிருந்திலும்

வெளியே உண்பது என்றால் ஓட்டல் மட்டும் அல்ல. நம் சபைகளில் அசனம் உண்டு, கலியாண விருந்து உண்டு, கிறிஸ்மஸ் கேக் உண்டு. அசனத்தில் பந்தியில் உட்கார்ந்த பிள்ளை இலையில் விழுந்ததைத் தொடாமல் இருந்தால், "ஏன் சாப்பிடவில்லை?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வராமலே இருந்துவிடும். வியாதியைவிட இந்தத் தனிமை கொடியது என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. அண்டாவில் பெருங்காயம் போடுவதற்கு முன் ஒரு சிறு சட்டியில் குழம்பை எடுத்து மூடி வையுங்கள், தனிக் கரண்டியோடு. அவ்வளவு போதும்.

திருவிருந்தின் அப்பமும் கோதுமையே. சிறு வில்லையாக இருந்தாலும் கோதுமைதான். கத்தோலிக்கத் திருச்சபையில் கோதுமையே இல்லாத அப்பம் ஏற்கப்படுவதில்லை. குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பத்துக்கு இடம் உண்டு என்பதை 2003-இலும், மறுபடி 2017-இலும் வத்திக்கான் எடுத்துச் சொன்னது. இரசத்தை மட்டும் பெறுவதற்கும் அங்கே வழி இருக்கிறது. மற்ற சபைகளில் ஆயரிடம் முன்னதாகச் சொல்லி, வேறு தானியத்தில் செய்த அப்பத்தைத் தனித் தட்டில் வைத்துக் கேட்கலாம். பலர் அப்பத்தைத் தோய்க்கும் பாத்திரத்தில் துணுக்குகள் விழும். ஆகையால் தனிக் கிண்ணமும் வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட்டு வழிபாட்டுக்கே வராமல் இருப்பவர் உங்கள் சபையில் இருக்கலாம். ஆயர் தாமே முன்வந்து அறிவித்தால் அந்த வெட்கம் நீங்கும்.

சிறுமியின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அண்ணாச்சி அவளுக்காக ரவை கலக்காத மாவைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். தோசைக்கு வழியில்லை, கல் ஒன்றுதான். ஆகவே அந்த மாவில் இட்லி. காலையில் கடை திறந்ததும், பெருங்காயம் விழுவதற்கு முன், ஒரு கிண்ணம் சாம்பார் தனியே எடுத்துவைக்கப்படும். எல்லா நாளும் இது நடந்தது என்று சொல்வதற்கில்லை. மாஸ்டர் லீவு போட்ட நாளில், "இன்றைக்கு வேண்டாம் பாப்பா, என்னால் உறுதி சொல்ல முடியாது" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பியிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாளாம். தகப்பனார் இதைச் சொல்லிவிட்டு, "அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடையை நம்புகிறேன், அம்மா" என்றார்.

உங்கள் வீட்டுப் பந்தியிலும் இப்படி ஒரு பிள்ளை வந்து உட்காரலாம். என்ன சேர்த்தீர்கள் என்று அவள் தாயார் கேட்டால் வருத்தப்படாதீர்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். அவளுக்கு நீங்கள் தரக்கூடிய மருந்து அதுவே.